மகளுக்குக் கட்டிய பிரமிடும் ஈஸ்ட் ஹாமில் நான் கொடுத்த புத்தகமும்

போன அக்டோபரில் அலுவலக வேலையாக மூன்று வாரம் மான்செஸ்டரில் தங்க வேண்டி வந்தது. முதல் சனிக்கிழமை துணி துவைப்பதிலும் தூங்குவதிலும் போய்விட்டது. கடைசிச் சனிக்கிழமை ஊருக்கு விமானம். நடுவில் இருந்ததை லண்டனுக்கு என்று கோயம்புத்தூரில் கிளம்பும்போதே ஒதுக்கி வைத்திருந்தேன். பாலத்தையும் அரண்மனையையும் பார்க்கும் ஆசை எனக்கில்லை. எகிப்துப் பழம்பொருட்களைப் பார்க்க வேண்டும், பல வருடங்களாக எனக்கு மின்னஞ்சல் எழுதிவரும் லண்டன் வாசகர் ஒருவரை நேரில் சந்திக்க வேண்டும், இந்த இரண்டுதான் திட்டம். முதலாவது நன்றாகவே நடந்தது. போகிறவர்களுக்குப் பயன்படும் விவரங்களைக் கட்டுரையில் ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன். இரண்டாவதில் நான் செய்துவைத்த காரியத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த வலைப்பூவுக்குப் புதிதாக வருபவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. நான் கட்டடப் பொறியாளர். பழைய கட்டடங்கள் எப்படி நின்றன, ஏன் விழுந்தன என்று எழுதுவது பொழுதுபோக்கு. சில வருடங்களுக்கு முன் கெய்ரோவுக்குத் தெற்கே தஹ்ஷூரில் ஒரு புதிய பிரமிடைக் கண்டுபிடித்தார்கள். புதியது என்றால் நமக்குப் புதியது. மேல்பகுதி முழுவதும் போய், அடிப்பகுதி மட்டும் மண்ணுக்குள் மிஞ்சியிருந்தது. உள்ளே ஒரு சிறிய வெண்பளிங்குப் பலகை. அதில் ஒரு அரசனின் பெயர். பெயர் கிடைத்துவிட்டது, சொந்தக்காரர் தெரிந்துவிட்டார் என்று முடித்திருக்கலாம். சிக்கல் என்னவென்றால், அதே அரசனுக்குப் பக்கத்திலேயே ஏற்கெனவே ஒரு பிரமிடு உண்டு. ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு கல்லறை?

நான் சும்மா இருப்பேனா? முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் வந்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். முதல் பிரமிடின் அடித்தளம் சரியில்லாமல் போயிருக்கும், அதனால் அரசன் இரண்டாவது கட்டிக்கொண்டான் என்பது என் முடிவு. சாய்வுக் கோணம், மணலின் தாங்குதிறன் என்று படம் எல்லாம் போட்டிருந்தேன். பாராட்டுகள் வந்தன. குணரத்தினம் என்ற பெயரில், லண்டனிலிருந்து, ஒரே ஒரு மறுப்பும் வந்தது.

அது இப்படி இருந்தது. "பெயர் இருக்கிறது என்பதால் சொந்தம் என்று ஆகாது. ஒரு வீட்டுப் பத்திரத்தில் பெயர் கண்டால், அது வாங்கினவருடையதா, கொடுத்தவருடையதா, சாட்சியுடையதா என்று முதலில் பார்க்க வேண்டும். எங்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு தகப்பன் தன் வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது வீடு கட்டினால், அது மகளுக்குச் சீதனம். உங்கள் அரசனுக்குப் பெண்பிள்ளை இருந்ததா என்று பாருங்கள்."

படித்துவிட்டுச் சிரித்தேன். சீதனத்தைக் கொண்டுபோய் எகிப்தில் செருகுகிறாரே என்று, மரியாதையாகத்தான், மூன்று பத்தியில் மறுத்து எழுதினேன். "குணரத்தினம் ஐயா அவர்களுக்கு" என்று தொடங்கியது என் பதில். கொஞ்ச நாளில் அடுத்த செய்தி வந்தது. அதே பிரமிடின் உள்ளறையில் ஒரு மரப்பெட்டி கிடைத்திருக்கிறது. இறந்தவரின் உள்ளுறுப்புகளை வைக்கும் ஜாடிகளுக்கான பெட்டி. அதில் எழுதியிருந்தது அரசனின் மகள் ஒருத்தியின் பெயர். பிரமிடு அவளுடையதாகத்தான் இருக்கும் என்று ஆய்வாளர்கள் சொல்லத் தொடங்கினார்கள்.

ஒரு நாள் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு வெட்கத்தை விட்டு "மகளுக்கு ஒரு வீடு" என்று இரண்டாவது கட்டுரை எழுதினேன். லண்டன் வாசகர் ஒருவரின் யோசனை என்று மட்டும் குறிப்பிட்டேன், பெயர் போடவில்லை. வாசகர் பெயரைக் கேட்காமல் போடக்கூடாது என்பது அப்போது என் கொள்கை. அன்று முதல் நான் எது எழுதினாலும் குணரத்தினம் ஐயாவிடமிருந்து மின்னஞ்சல் வரும். பெரும்பாலும் நான் எங்கே தவறினேன் என்பதுதான் அதில் இருக்கும். எனக்கு அவர் மேல் அத்தனை பிரியம்.

இந்த வருடம் கட்டுரைகளைத் தொகுத்து என் செலவில் முந்நூறு படிகள் அச்சடித்தேன். உங்களில் பலர் வாங்கினீர்கள். புத்தகத்தின் முதல் பக்கத்தை ஐயாவுக்குச் சமர்ப்பித்தேன். இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று அவரிடம் சொல்லவே இல்லை. லண்டன் வருகிறேன் என்று எழுதியபோது அவரும், "வாருங்கள், உங்களுக்கும் இங்கே ஒரு ஆச்சரியம் இருக்கிறது" என்று பதில் போட்டிருந்தார். நான் அதை ஏதோ விருந்து என்று நினைத்துக்கொண்டேன்.

இனிப் பயணம். மான்செஸ்டரிலிருந்து லண்டன் யூஸ்டன் நிலையம் ரயிலில் இரண்டேகால் மணி நேரம். மூன்று வாரம் முன்பே பதிவு செய்ததால் போக முப்பத்தெட்டு பவுண்டு. அன்றைக்கு வாங்கினால் இரண்டு மடங்குக்கு மேல் கேட்பார்கள், சோம்பல் படாதீர்கள். காலை ஏழரை வண்டி. ரயிலில் காபி வாங்க வேண்டாம், அதைக் காபி என்று சொன்னதற்காக நம் ஊரில் கடைக்காரரைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம். யூஸ்டனிலிருந்து புளூம்ஸ்பரி பகுதியில் இருக்கும் பெரிய அருங்காட்சியகத்துக்கு நடந்தே போகலாம். ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான். நுழைவுக் கட்டணம் இல்லை, ஆனால் சனி ஞாயிறில் வரிசை உண்டு. முன்கூட்டியே இணையத்தில் இலவசச் சீட்டு எடுத்துக்கொண்டால் வரிசை குறையும். பெரிய பையோடு போகாதீர்கள், சோதிப்பார்கள். என்னிடம் இருந்தது ஒரு ஜவுளிக்கடைத் துணிப்பை. உள்ளே மைசூர்பாகும் புத்தகமும்.

பதினொரு மணிக்கு வாசலில் சந்திப்பதாகப் பேச்சு. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நரைத்த தலை, கைத்தடி, குல்லா என்று மனதுக்குள் ஒரு உருவம் வைத்துக்கொண்டு அதைத் தேடினேன். அப்படியே ஒருவர் வந்தார். ஓடிப்போய்க் கும்பிட்டு, "குணரத்தினம் ஐயாங்களா?" என்றேன். அவர் வெம்பிளியிலிருந்து பேரனோடு வந்த குஜராத்திப் பெரியவர். அவரும் பதிலுக்குக் கும்பிட்டார், நல்ல மனிதர். இதையெல்லாம் சற்றுத் தள்ளி நின்று ஒரு பெண் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது, கறுப்புக் கோட்டு, கையில் மடக்குக் குடை. சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"வணக்கம் அண்ணை. கனநேரமா நிக்கிறியளோ?"

"ஐயாவோட பொண்ணுங்களா நீங்க? ஐயா வரலீங்களா?"

"ஓம், குணரத்தினத்தின்ர மகள்தான். ஆனா உங்களுக்கு எழுதினது அவர் இல்லை. இவ்வளவு காலமும் நான்தான் எழுதினனான்."

அவர் குடையை விரித்து எனக்கும் சேர்த்துப் பிடித்தபடியே விளக்கினார். சிறுமியாக லண்டனில் வந்து இறங்கியபோது அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டார்கள். பள்ளி, வங்கி, வேலை எல்லாவற்றிலும் அதுவே முன்னால் நின்றது. இப்போது அவர் வீடு வாங்குபவர்கள் விற்பவர்களுக்குப் பத்திர வேலை பார்க்கும் வழக்கறிஞர். "ஒபிசில எல்லாரும் மிஸ் குணரத்தினம் எண்டுதான் கூப்பிடுவினம். இமெயிலிலயும் அந்தப் பேர்தான் விழும். நீங்கள் ஐயா எண்டு எழுதினியள். நான் திருத்தேல்லை."

இதில் நான் திகைக்க என்ன இருக்கிறது? மான்செஸ்டர் அலுவலகத்தில் என் கழுத்து அட்டையில் மாரிமுத்து என்றுதான் போட்டிருக்கிறது. மாரிமுத்து என் அப்பா. காலையில் யாராவது "குட்மார்னிங் மாரிமுத்து" என்றால், போய்ச் சேர்ந்த மனிதருக்கு இத்தனை வணக்கமா என்று எனக்குச் சிரிப்பு வரும். பாஸ்போர்ட் எடுத்த ஒவ்வொரு தமிழனுக்கும் தமிழச்சிக்கும் தெரிந்த கூத்து இது. எனக்குத் தெரிந்தும், குணரத்தினம் என்று கண்டதும் ஒரு பெரியவருக்கு நரை வைத்து, கைத்தடி கொடுத்து, ஆசனம் போட்டு உட்கார வைத்துவிட்டேன்.

உள்ளே போனோம். கீழ்த்தளத்தில் கற்சிலைகள், மேல்தளத்தில் சவப்பெட்டிகளும் மம்மிகளும். கூட்டம் மேலேதான் அதிகம், அதனால் திறந்ததும் மேலே போய்விட்டுக் கீழே இறங்குவது நல்லது. நாங்கள் தாமதமாக வந்ததால் பள்ளிப் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தோம். தஹ்ஷூர் பிரமிடின் பெட்டியோ பலகையோ இங்கே இல்லை, அதைத் தேடி யாரும் வர வேண்டாம். ஆனால் உள்ளுறுப்பு ஜாடிகள் எப்படி இருக்கும், பெட்டிகளில் பெயரை எங்கே எழுதுவார்கள் என்பதெல்லாம் இங்கே கண்ணெதிரே பார்க்கலாம்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான ஒரு சிறிய எகிப்து அருங்காட்சியகம் இருக்கிறது. அதுவும் இலவசம். எல்லா நாளும் திறப்பதில்லை, நேரம் பார்த்துவிட்டுப் போங்கள். என்னைக் கேட்டால் பெரியதை விட இதுதான் மேல். பானை ஓடு, மணி, சீப்பு, செருப்பு என்று சாமானியர்களின் பொருட்கள் கண்ணாடி அலமாரிகளில் அடுக்கடுக்காக இருக்கின்றன. அங்கே ஒரு கல்வெட்டுத் துண்டின் முன்னால் நின்று அவர் சொன்னார். "'அரசன்ர மகள்' எண்டு எழுதேக்குள்ள, அரசன் எண்ட குறியைத்தான் முதல் போடுவினம், மரியாதைக்கு. மகள் பிறகுதான். இதை வாசிச்ச அண்டைக்கு நான் நல்லாச் சிரிச்சனான்."

நானும் சிரித்தேன். வீட்டுப் பத்திரம் பார்க்கும் கண்ணோடு அவர் ஒவ்வொரு பெயரையும் அளந்து பார்ப்பதைக் கண்டு அசந்துபோனேன். பக்கத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தபோது கேட்டேன்.

"ஏங்க, முதல் தடவையே நான் பெண்ணுன்னு ஒரு வரி போட்டிருக்கலாமேங்க?"

"போடத்தான் நினைச்சனான். அதுக்கிடையில நீங்கள் மூண்டு பந்தியில மறுத்து எழுதிட்டியள். உங்கட தளத்தில வேற பெண்களும் எழுதுறவை. அவைக்கு எல்லாம் 'நன்றி சகோதரி' எண்டு ரெண்டு சொல்லு. எனக்கு ஆரும் நிண்டு வாதாட வேணும் போல இருந்தது. சரி, ஐயாவாவே இருப்பம் எண்டு விட்டிட்டன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் தேநீர் புரையேறியது. மறுநாள் மான்செஸ்டர் அறையில் உட்கார்ந்து பழைய பின்னூட்டங்களைப் புரட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. நன்றி சகோதரி, நன்றி சகோதரி என்று வரிசையாக நிற்கிறது.

அந்தத் தேநீர்க் கடையில்தான் பையில் இருந்த புத்தகத்தின் நினைவு வந்தது. சமர்ப்பணப் பக்கம்! ஆனால் என் மூளை உடனே எனக்குச் சாதகமாக வேலை செய்தது. என்ன இருந்தாலும் அப்பா பெயர்தானே, எந்த மகளுக்குக் கசக்கும்? மகளை இப்படி வளர்த்த மனிதருக்கு ஒரு பக்கம் கொடுத்தால் குறைந்தா போகும்? சும்மா ஆழம் பார்ப்பதற்காக, "ஐயா வீட்ல இருக்காருங்களா?" என்று கேட்டேன். "வீட்டில அம்மா இருக்கிறா. உங்களைக் காண வேணும் எண்டு காலமையில இருந்து சமைக்கிறா" என்றார். ஐயா இறந்துவிட்டார் போலும் என்று நானே முடிவு கட்டினேன். அப்படியானால் சமர்ப்பணம் இன்னும் பொருத்தம் என்று ஆறுதல் வேறு. ஒரு பலகையை வைத்துக்கொண்டு இரண்டு கல்லறைக்குக் கதை எழுதியவன் அல்லவா.

யூஸ்டன் ஸ்கொயர் சுரங்க ரயில் நிலையத்தில் ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி வண்டி ஏறினால், மாறாமல் ஈஸ்ட் ஹாம் போய் இறங்கலாம். முக்கால் மணி நேரத்துக்குள் ஆகும். வங்கி அட்டையைத் தொட்டாலே போதும், மூன்று பவுண்டுக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டது. சனி ஞாயிறில் பராமரிப்பு வேலை என்று பாதையை மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் பாருங்கள். ஈஸ்ட் ஹாமில் வெளியே வந்ததும் ஹை ஸ்ட்ரீட் நார்த். முருங்கைக்காய், வாழைப்பூ, நகைக்கடை, பட்டுப்புடவை, சுடச்சுட வடை. தமிழில் பெயர்ப்பலகைகள். பத்து நாளாகப் பாலாடைக்கட்டி ரொட்டி தின்று வாடியிருந்த எனக்கு அந்தத் தெருவே ஒரு சாப்பாடு. வந்தால் இங்கே சாப்பிடுங்கள், அருங்காட்சியக உணவகத்தில் காசைக் கொட்டாதீர்கள்.

பக்கத் தெருவில் வரிசை வீடுகளில் ஒன்று அவர்களுடையது. அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும், ஒல்லியான உருவம். "வாங்கோ தம்பி, குளிருக்க நிக்காமல் உள்ளுக்கு வாங்கோ" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். கூடத்தில் உட்கார வைத்து, மகளைக் காட்டிப் பெருமையாகச் சொன்னார். "இந்தப் பிள்ளை சொன்னதைப் புத்தகத்தில போடப்போறியள் எண்டு சொன்னவள். வந்திட்டுதோ?"

மகள் ஆவலோடு என்னைப் பார்த்தார். இதைவிட நல்ல நேரம் ஏது என்று நினைத்தேன். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அம்மா கையிலேயே கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டையைத் தடவிப் பார்த்து, முதல் பக்கத்தைத் திருப்பினார். வாய்விட்டு வாசிக்கும் பழக்கம் அவருக்கு.

"'மகளுக்கு வீடு கட்டும் தகப்பன்மாரின் மனம் அறிந்த, லண்டன் குணரத்தினம் ஐயாவுக்கு.'"

வாசித்தவர் நிமிரவில்லை. இன்னொரு முறை, சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைய வாசித்தார். மகள் எழுந்து வந்து அம்மாவின் தோளுக்கு மேலாகப் பக்கத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வடிந்தது.

"உங்களுக்கு இவரைத் தெரியுமோ தம்பி?" என்றார் அம்மா.

"நேர்ல தெரியாதுங்கம்மா. நான் என்ன நெனச்சேன்னா..."

"எனக்குத் தெரியும். என்ர சீதன வீட்டை வித்துத்தான் இவர் பிரான்சுக்கு வெளிக்கிட்டவர். எங்கட அப்பா தன்ர வீட்டுக்குப் பக்கத்தில எனக்குக் கட்டின வீடு. எனக்குப் பிறகு இவளுக்கு எண்டு இருந்தது. நானும்தான் கையெழுத்து வைச்சனான், பொய் சொல்லக்கூடாது. ஆறு மாதத்தில உங்களையும் கூப்பிடுறன் எண்டவர். அங்க வேற குடும்பம் எண்டு பிறகு ஊர்ச்சனம் சொல்லித்தான் தெரியும். இவளுக்கு அப்ப நாலு வயசு. என்ர தம்பிதான் எங்களை இஞ்ச எடுப்பிச்சவன்."

"அம்மா, விடுங்கோ. அவருக்குத் தெரியாது" என்றார் மகள்.

மன்னிப்பு என்று ஏதோ உளறினேன். பக்கத்தில் வீடு கட்டினால் அது மகளுக்கு என்று அவர் எழுதியது எந்த வீட்டை மனதில் வைத்து என்று இப்போதுதான் புரிந்தது. அந்த வீட்டைப் பற்றிய கட்டுரையைப் புத்தகத்துக்குள் வைத்து, அதை விற்றுவிட்டுப் போனவர் பெயரை வாசலில் எழுதி, முந்நூறு படிகள் அச்சடித்து, ஒன்றைக் கோயம்புத்தூரிலிருந்து சுமந்துவந்து அந்த அம்மாவின் கையிலேயே கொடுத்திருக்கிறேன்.

அம்மா பக்கங்களைத் திருப்பி அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்தார். கொஞ்ச நேரம் வாசித்தார். "நல்லா எழுதியிருக்கிறியள். என்ர பிள்ளை சொன்னது எல்லாம் இருக்கு" என்றார். பிறகு மகளிடம், "முன்னுக்கு இருக்கிற ஒத்தையை மட்டும் கிழிச்சுப்போட்டு வைப்பமோ?" என்று சமர்ப்பணத் தாளைப் பிடித்துக் காட்டிக் கேட்டார்.

"வேண்டாம் அம்மா, கிடக்கட்டும். பிறகு ஆரும் கிண்டிப் பாக்கிற ஆக்கள் கண்டுபிடிக்கட்டும்."

இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி. அத்தனையும் எனக்காகச் செய்தவை. நான் ஒரே இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என் தட்டைப் பார்த்துவிட்டு, "சாப்பிடுங்கோ தம்பி, சாப்பாட்டில கோவம் இல்லை" என்று இன்னும் இரண்டு வைத்தார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, அறிமுகமில்லாத வீட்டில், இடியப்பத்தின் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் தண்ணீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஊருக்கெல்லாம் சாத்திரம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுந்த கதைதான். ஒரு பெயரைக் கண்டதும் சொந்தக்காரரை முடிவுசெய்யக் கூடாது என்று அந்தக் கட்டுரையில் பக்கம் பக்கமாக அறிவுரை சொல்லியிருக்கிறேன். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் விஷயத்திலேயே அதே தவறைச் செய்தேன்.

ஆறு மணிக்குக் கிளம்பினேன். வேண்டாம் என்றாலும் கேட்காமல் அவர் நிலையம் வரை கூட வந்தார். வழியெல்லாம் நானே பேசினேன். மிச்சமிருக்கும் படிகளில் பக்கத்தின் மேல் தாள் ஒட்டிவிடுகிறேன், அடுத்த பதிப்பில் மாற்றிவிடுகிறேன், வலைப்பூவில் பெரிதாகத் திருத்தம் போடுகிறேன் என்று அடுக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே நடந்தார். நிலைய வாசலில் நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. காலையிலிருந்து நீங்க, வாங்க, மேடம் என்றே ஓட்டியிருக்கிறேன். அம்மா அவரைப் பிள்ளை என்றே கூப்பிட்டார்.

"உங்க பேரு என்னங்க?" என்றேன். "புத்தகத்துல சரியாப் போடணுமுங்க."

அவர் பின்னால் வந்தவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார்.

"ஒபிசில பிழையான பத்திரம் வந்தா, திருத்திறதுக்கு எண்டு ஆக்களிட்டப் பேர் கேட்டு எழுதுவம். ஒவ்வொரு நாளும் செய்யிற வேலை. காலமை அந்த வாசலில வைச்சு நீங்கள் கேப்பியள் எண்டு நினைச்சனான். சொல்ல ஆசையா இருந்தது. பிறகு தேத்தண்ணிக் கடையில கேப்பியள் எண்டு பாத்தன். இப்ப நீங்கள் பிழை திருத்தக் கேக்கிறியள் அண்ணை. அதுக்கு என்ர பேர் வேண்டாம்."

"மன்னிச்சுக்கங்க" என்றேன்.

"நீங்கள் கெட்ட ஆள் இல்லை. நடந்ததை எழுதுங்கோ, வாசிக்கிறவைக்குப் பிரயோசனமா இருக்கும். அம்மா அழுதா எண்டு மட்டும் எழுதாதேங்கோ, அவ அழேல்லை. கவனமாப் போங்கோ."

அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். அம்மா அழவில்லை, அழுதது நான்.

போகிறவர்களுக்கு இன்னும் சில குறிப்புகள். இரண்டு அருங்காட்சியகங்களையும் ஒரே நாளில் பார்க்கலாம், ஆனால் பெரியதில் எகிப்துப் பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் கால் வீங்கும். அக்டோபரில் குடை கட்டாயம். மான்செஸ்டரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புவது முடியும், இரவு வண்டியில் இருக்கை பதிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு மொத்தச் செலவு தொண்ணூறு பவுண்டுக்குள் முடிந்தது. லண்டனில் யாராவது நண்பரைப் பார்க்கப் போனால், பரிசைப் பையிலிருந்து எடுக்கும் முன் கொஞ்சம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

திரும்பி வந்ததிலிருந்து இரண்டு மின்னஞ்சல் எழுதிவிட்டேன். அன்புள்ள என்று எழுதிவிட்டு, அடுத்த சொல் தெரியாமல் அப்படியே விட்டு அனுப்பினேன். பதில் வரவில்லை. போன வாரம் பிரமிடின் உள்ளறைகள் பற்றி நான் எழுதிய கட்டுரைக்கும் அவர் எதுவும் எழுதவில்லை. அதில் ஒரு கணக்கு எனக்கே சந்தேகமாக இருக்கிறது. எல்லோரும் அருமை என்கிறீர்கள்.

புத்தகம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் பக்கத்தில் இருக்கும் பெயருக்கும் அந்தக் கட்டுரைக்கும் சம்பந்தம் இல்லை. அதை எழுத வைத்தவர் ஈஸ்ட் ஹாமில் அம்மாவோடு இருக்கும் ஒரு வழக்கறிஞர். அவர் யார், பெயர் என்ன என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். இணையத்தில் தேடினால் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும், நான் தேடவில்லை, நீங்களும் தேட வேண்டாம். அவர் அதைச் சொல்வதற்காக ஒரு நாள் முழுவதும் என் கூடவே நடந்தார். நான் கேட்கவில்லை.